கடைசியாகக் கரைக்கு வந்த திகதி

திருகோணமலையில் கடற்றொழிலாளர் சங்கமொன்றின் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை செய்தேன். திருக்கடலூர், சல்லி, மூதூர்ப் பக்கத்துப் படகுகள் எப்போது கரைக்கு வந்தன, எவ்வளவு மீன் இறங்கியது என்பதெல்லாம் மொங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் ஒரே கலெக்ஷன், அதாவது ஒரே பதிவுத் தொகுப்பு. சங்கத்தார் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, இந்தப் படகு கடைசியா எப்ப வந்தது?" வாடைக் காலத்தில் போனவரைக் காணவில்லை என்று வீட்டார் வந்து நிற்கும்போதும் இதே கேள்விதான். அதனால் இந்த விடை பிழைக்கவே கூடாது.

எழுதுவது சுலபம். படகு இலக்கத்தால் தேடி, திகதியை இறங்குவரிசையில் அடுக்கி, முதலாவதை மட்டும் எடுத்தால் சரி. படகு இலக்கத்தையும் திகதியையும் சேர்த்து தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸ் போட்டால் உடனே விடை வரும். ஆனால் ஒரு படகுக்கு வந்த விடை 31/01/2023. கொப்பியில் அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதியும் மீன் இறக்கியதாக இருந்தது. பழைய பதிவுகளில் திகதி வெறும் எழுத்தாக ஏறியிருந்தது. எழுத்தாக ஒப்பிட்டால் 31 எப்போதும் 05ஐ முந்தும். மாதத்தைப் பார்க்கும் பேச்சே இல்லை. எல்லாவற்றையும் டேட் வகைக்கு மாற்றினோம்.

அப்புறம் நேரம். மொங்கோடிபி யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கும். இலங்கை அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். விடிகாலை 4 மணிக்குக் கரை தொட்ட படகுக்கு யூடிசியில் முதல்நாள் இரவு 10.30. வரிசை குலையாது. ஆனால் கொழும்பு நேரத்துக்கு மாற்றாமல் திகதியை மட்டும் காட்டினால் ஒருநாள் பின்தங்கும். விடியுமுன் கரை சேரும் தொழிலில் இது அன்றாடம் நடக்கும்.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது பிந்தி வரும் கொப்பிகள். போன வாரப் பதிவு இன்றைக்கு ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள அடையாளக் குறியீடான ஒப்ஜெக்ட்ஐடிக்குள் அது உருவான நேரம் இருப்பதால் அதை வைத்தே அடுக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கடைசியாகப் பதிந்ததுதான் கிடைக்கும்.

"எந்தத் திகதி வேணும் அண்ணை?" என்று சங்கத்தில் மூத்தவரிடம் கேட்டேன்.

"கடலால வந்த திகதிதான் தம்பி. பதிஞ்ச திகதிய வச்சு நாங்க என்ன செய்யிற?"

இரண்டையும் தனித்தனியாக வைத்தோம். நேரம் எழுதாத பழைய பதிவுகளில் ஒரே நாளில் இருமுறை வந்த படகுகள் இருந்தன. அவற்றுக்கு மட்டும் பதிந்த திகதி இரண்டாவது வரிசையாகப் பயன்பட்டது. இல்லாவிட்டால் எந்தப் பதிவு முதலில் வரும் என்பதற்கு உறுதி இல்லை.