தங்க நானோதுகள்: ஒரு மில்லியில் எத்தனை?

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்தில், சிட்ரேட் முறையில் செய்த தங்க நானோதுகளின் செறிவை முதலில் யூவி-விசிபிள் கருவியில்தான் (ஒவ்வொரு அலைநீளத்திலும் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது) பார்க்கிறோம். விளக்கு சூடேற அரை மணி நேரம் விடுங்கள். பிளாங்க்குக்கு (ஒப்பிட வைக்கும் துகளில்லாத கரைசல்) வெறும் தண்ணீர் வேண்டாம். துகள் மிதக்கும் அதே சிட்ரேட் கரைசலை வையுங்கள்.

ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (மாதிரியை ஊற்றும் ஒளி ஊடுருவும் சிறு குப்பி) 350 முதல் 800 நானோமீட்டர் வரை ஸ்கேன் எடுத்தால் 520 பக்கம் உச்சி தெரியும். கணக்குக்கு எடுக்க வேண்டியது 400-இல் உள்ள உறிஞ்சல் அளவு. அங்கே 1.2 வந்தால் உலோகத் தங்கம் 0.5 மில்லிமோலார், 0.6 என்றால் 0.25. துகளின் விட்டம் 20 நானோமீட்டர் என்றால் ஒன்றில் சுமார் 2.5 லட்சம் அணுக்கள். 0.25 மில்லிமோலாருக்கு வகுத்துப் பார்த்தால் மில்லிக்கு ஏறக்குறைய 60,000 கோடி துகள்கள், அதாவது 1 நானோமோலார். வெள்ளிக்கு இந்த வழி உதவாது. அதன் உச்சியே 400 பக்கம்தான்.

கணக்கு கவிழ்வது பெரும்பாலும் விட்டத்தில்தான். அது மும்மடியாக ஏறுகிறது: 20-ஐ 22 என்று போட்டால் எண்ணிக்கையில் கால்வாசி காணாமல் போகும். டிஎல்எஸ் (சிதறும் ஒளியை வைத்துத் துகளின் அளவைக் காணும் முறை) தரும் விட்டத்தை இதில் போடவே கூடாது. அது துகளைச் சுற்றியுள்ள உறையையும் சேர்த்து அளக்கும். நாலைந்து பெரிய திரள் இருந்தாலே சராசரி எகிறிவிடும். டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் குறைந்தது 200 துகள்களையாவது அளந்து சராசரி எடுங்கள்.

அடுத்த எதிரி உப்பு. கடலோர டெல்டாவில் போர் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். அதில் கழுவிய குடுவையைக் கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசாவிட்டால் துகள்கள் ஒட்டித் திரளும். சிவப்பு நிறம் ஊதாவுக்குப் போகும், 650-இல் தோள் போல ஒரு மேடு எழும். அந்தக் கரைசலை அளந்து பயனில்லை, கொட்டிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரியை உடனே ஊற்றினால் குவெட்டின் வெளிச்சுவரில் மெல்லிய பனி படரும். அளவு மெல்ல மெல்ல ஏறும், 800-இலும் கோடு தரையைத் தொடாது. மாதிரி அறை வெப்பத்துக்கு வந்தபின், சுவரைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

உறிஞ்சல் அளவு 0.2-க்கும் 1-க்கும் நடுவில் நிற்கும்படி 2 மில்லிமோலார் சிட்ரேட்டில் நீர்க்கச் செய்யுங்கள். பாதியாக நீர்த்தால் அளவும் பாதியாக வேண்டும். வராவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

ஐசிபி-யில் (பிளாஸ்மாவைக் கொண்டு தனிமங்களை அளக்கும் கருவி) சரிபார்க்கத் தங்கத்தை இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைக்கலாம். வெள்ளிக்கு நைட்ரிக் அமிலம் மட்டுமே. குளோரைடு கலந்தால் வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். ஐசிபி கரைந்த அயனியையும் சேர்த்தே எண்ணும். ஆகவே முதலில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.