50 மில்லிமீட்டர் தூக்கப் போய்

என் பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில், இடது முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் மூடியைக் கழற்றியதும் சாம்பல் நிறத்தில் கூழ் போல ஒன்று வழிந்து, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வந்தது. உள்ளே இருந்திருக்க வேண்டியது கெட்டியான கிரீஸ். அன்றைக்கு நான் செய்ய உட்கார்ந்த வேலையும் இது இல்லை. புதுக் கமான் பட்டைகள், அதாவது பட்டை ஸ்பிரிங்குகள், பெட்டியைப் பிரிக்காமல் பக்கத்திலேயே கிடந்தன. ஒரு வார இறுதியில் வண்டியை 50 மில்லிமீட்டர் தூக்கி, பெரிய டயர் போட்டு, அடுத்த வாரம் பாறைப் பாதைக்குப் போவது என்று திட்டம். போனது நாலு மாதம் கழித்து.

வண்டி பழைய அமைப்பு. ஏணிச் சட்டம் போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் ஒரே துண்டாக ஓடும் ஆக்சில், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர். கியர் பாக்ஸின் சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், தேவைப்பட்டால் மட்டும் முன்சக்கரங்களை இணைக்கும் வகை. முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. அதனால் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுத் திருப்பினால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வேறு வேறு தூரம் ஓட முயன்று, நடுவில் இருக்கிற பற்கள் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுக்கொடுக்கும், தாரில் விடாது. முன்பு வைத்திருந்தவர் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

ஆக்சிலில் உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் இருக்கும் வீட்டுக்குள் கியர் ஆயில், நக்கிள் உருண்டைக்குள் கிரீஸ். இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பது ஆக்சில் குழாயின் முனையில் உள்ள ஒரு சின்ன ஆயில் சீல். அது தேய்ந்தால் ஆயில் இந்தப் பக்கம் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். கரைந்த கிரீஸ், திரும்பும் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயிண்ட்டின் உருண்டைகளில் ஒட்டி நிற்காது. இந்த ஜாயிண்ட்டின் மூலவடிவம் 1926-ல் ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. ஆறு எஃகு உருண்டைகள், அவற்றுக்கு ஒரு கூண்டு, அவ்வளவுதான். சக்கரம் எவ்வளவு திரும்பியிருந்தாலும் வேகம் ஏறி இறங்காமல் சுழற்சியைக் கடத்திவிடும். ஏறக்குறைய நூறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் அதைத் தாண்டி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது வலது பக்க ஜாயிண்ட் நன்றாகவே இருந்தது. இடதில் கூண்டின் ஒரு மூலையில் மயிரிழை விரிசல். மாற்ற வேண்டியதுதான்.

இந்தக் கட்டத்தில்தான், பழைய வண்டிகளிலேயே காலம் தள்ளிய ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கூழைப் பார்க்கவே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்த வலது நக்கிளைப் பிடித்து மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். நேராக நிற்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றது.

"தம்பி, இது என்னன்னு தெரியுதா?"

"கிங்பின் பேரிங்கா அண்ணே?" நக்கிள் திரும்பும் அச்சுதான் கிங்பின்.

"ஆமா. வண்டி ஓடுற நேரமெல்லாம் ஸ்டீயரிங் நேராத்தானே நிக்குது? ரோலர் ஒரே எடத்துல குத்திக் குத்திக் குழி விழுந்துருச்சு. தூக்குறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஆட்டத்தை எடு."

பட்டைப் பெட்டியைத் தூக்கி மூலையில் வைத்தேன்.

நான் செய்த முதல் தப்பு ஷிம். கிங்பின் மூடிகளுக்கு அடியில் தாள் போன்ற தகடுகள் இருக்கும். ஒவ்வொரு மூலைக்கும் எண்ணிக்கை வேறு, கனம் வேறு. நாலு மூடியையும் கழற்றி, ஷிம் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் கழுவிவிட்டேன். அப்புறம் அவற்றைப் பிரித்து வைக்க மைக்ரோமீட்டரோடு ஒரு முழு நாள் உட்கார வேண்டியிருந்தது. இப்போது அட்டையில் படம் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வைக்கிறேன். ஷிம்மைக் குறைத்தால் பேரிங் இறுகும், கூட்டினால் தளரும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சீலும் ஆக்சில் தண்டும் மாட்டாமல், ஸ்டீயரிங் கம்பி மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்தேன். முதல் தடவை மூன்று கிலோ காட்டியது. ஒரு ஷிம் சேர்த்ததும் ஒன்றரைக்கு வந்தது. ஓரிடத்தில் சிக்கி ஓரிடத்தில் வழுக்காமல், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி ஒரே சீராகத் திரும்பியது. நாலு மாதத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் எதுவென்றால் இதைத்தான் சொல்வேன்.

பின் கிரவுனில் வேறு கதை. வடிகட்டும் போல்ட்டைத் திறந்ததும் காபி நிறத்தில் பால் கலந்த ஆயில். தண்ணீர் புகுந்திருக்கிறது. சீல் எங்கேயும் கிழியவில்லை. குற்றவாளி மேலே இருந்த மூச்சுக்குழாய். ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மூச்சுக்குழாய் துரு பிடித்து அடைத்திருந்தால் அந்த உறிஞ்சல் சீலின் உதட்டு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடைக்காமல் இருந்தாலும் அதன் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதே கதிதான். சாதாரண ரப்பர் பெட்ரோல் குழாய் வாங்கி, முன் ஆக்சிலுக்கு எஞ்சின் அறையின் மேல் விளிம்பு வரைக்கும், பின்னதற்கு பெட்ரோல் ஊற்றும் மூடிக்குப் பின்னால் வரைக்கும் நீட்டினேன். ஆக்சில் மேலும் கீழும் ஆடுவதற்கு ஒரு வளைவு தளர்வாக விட்டேன். மொத்தமாக ஒரு மணி நேர வேலை. ஓடை தாண்டப் போகிறவர்கள் பெரிய டயருக்கு முன்னால் இதைச் செய்துவிடலாம்.

கிரவுனுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-5 வகை கியர் ஆயில். கியர் பாக்ஸுக்கு அதே பாட்டிலைச் சாய்க்கப் போனேன், நல்லவேளை மேனுவல் திறந்திருந்தது. உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை ஜிஎல்-5-ல் உள்ள கந்தகக் கலவை அரிக்கலாம் என்பதால் அங்கே ஜிஎல்-4.

சேஸிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு 'டிங்' என்னும், அழுகியது 'தொப்' என்னும். பின் பட்டை தொங்கும் இடத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு 'தொப்'. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தது நான் இல்லை. பாடித் தகடு என்றால் நானே ஒட்டுவேன், சேஸிஸை என் வெல்டிங்கை நம்பி ஓட்ட மாட்டேன். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி, பேட்டரியைப் பிரித்து, எர்த் பிடிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னது மட்டும்தான் என் பங்கு. எர்த் தூரத்தில் இருந்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைத் தின்றுவிடும்.

மூன்றாவது மாதம்தான் பட்டைப் பெட்டியைப் பிரித்தேன். பட்டையின் வளைவில் 40 மில்லிமீட்டர். மிச்சம் 10-க்கு, பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள்களை 20 மில்லிமீட்டர் நீளமாக மாற்றினேன், ஏனென்றால் ஷாக்கிள் நீள்வதில் பாதிதான் வண்டிக்கு உயரமாகக் கிடைக்கும். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் எட்டும் புதுசு. ஒரு தடவை இறுக்கியது நீண்டிருக்கும், மறுபடி அதே பிடிப்பு வராது. பட்டை முனைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவில்லை. சக்கரம் தரையில் ஊன்றி முழு எடையும் இறங்கிய பிறகுதான் இறுக்கினேன். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

வண்டி நிமிர்ந்து நின்றது. பார்க்க அழகுதான். ஓட்டினால் அறுபதில் நாய்க்குட்டி மாதிரி அங்கேயும் இங்கேயும் மோப்பம் பிடித்துக்கொண்டு போனது. திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பவில்லை.

காரணம் காஸ்டர். கிங்பின் அச்சின் தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல. அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக இழுக்கிறது. என் வண்டியில் ஷாக்கிள் பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டியதும் பட்டையின் முன் முனை கீழே இறங்கி, ஆக்சில் முன்னால் உருண்டு, சாய்வு ஒன்றரை டிகிரி குறைந்துவிட்டது. சரி, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே எஃகு ஆப்பு வைத்துப் பின்னால் சாய்க்கலாம் என்று வைத்தேன். ஸ்டீயரிங் சரியானது. ஆனால் ஆக்சில் ஒரே துண்டு. கிங்பினைப் பின்னால் சாய்த்தால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் மூக்கும் சேர்ந்து கீழே குனியும். ஏற்கெனவே உயர்ந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பினியனுக்கு வரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் இன்னும் செங்குத்தானது. லோ ரேஞ்ச் என்ற மெதுவான கியர் நிலையில் மேடு ஏறும்போது காலுக்கு அடியில் அந்த ஷாஃப்ட்டின் மூட்டில் உள்ள கிராஸ் பேரிங் கடகடவென்று அழுதது.

இரண்டு வாரம் ஆப்பின் கனத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஆப்பை எடுத்துப் போட்டு, நாலு பக்கமும் பழைய ஷாக்கிளையே மாட்டிவிட்டேன். 10 மில்லிமீட்டரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. காஸ்டர் முக்கால்வாசி திரும்பி வந்தது, சத்தம் போனது.

இன்னும் இரண்டு விஷயம் தூக்கியதால் வந்தவை. ஒரு சக்கரம் முழுசாகத் தொங்கும்போது முன் பிரேக் குழாய் வில் நாண் மாதிரி விறைத்தது. நீளமானது போட்டேன். மற்றது எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணன்தான் குனிந்து பார்த்துச் சொன்னார். பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்கு ஒரு கம்பி போகும். சுமை ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அந்த வால்வு. வண்டியைத் தூக்கியதும் அது வண்டி எப்போதும் காலி என்று நினைத்துப் பின் பிரேக்கை அடக்கிவிடுகிறது. வால்வு இருந்த தாங்கியை அதே 40 மில்லிமீட்டர் இறக்கினோம்.

டயர் 27 அங்குலத்திலிருந்து 29. ஸ்பீடோமீட்டர் 60 என்றால் உண்மையில் 64. பல் விகிதம் முதல் கியரில் 3.65, லோ ரேஞ்சில் 2.27, கிரவுனில் 3.73. பெருக்கினால் சுமார் 31, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 31 சுற்று. பெரிய டயர் அதை 29 மாதிரி உணர வைக்கிறது. பாறையில் இன்னும் மெதுவாக ஊர்ந்தால் நன்றாக இருக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு லோ பற்களை மாற்றலாம்தான். இப்போதைக்கு டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்க எனக்குத் தெம்பு இல்லை.

பாறைப் பாதையில் டயர் காற்றை 26 பிஎஸ்ஐ-யிலிருந்து 16-க்கு இறக்கியதும் நாலு மாத வேலையையும் மிஞ்சிய வித்தியாசம் தெரிந்தது. ஒரு பைசா செலவில்லாத மாற்றம். கற்களின் மேல் டயர் படிந்து போனது, குதிக்கவில்லை. ஒரு செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் இருமி நின்றது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்துகொள்கிறது. மிதவை அளவைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும். ஓடையை இரண்டு தடவை தாண்டினேன், இரண்டாவது தடவை வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி ஐந்து நிமிடம் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பின் கிரவுனின் போல்ட்டைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். தேன் நிறம், பால் இல்லை. யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன், எட்டில் மூன்று போல்ட்டுகள் கால் சுற்று வாங்கின. வலது நக்கிள் காய்ந்து கிடந்தது. இடது உருண்டையின் அடியில் ஒரே ஒரு துளி ஆயில். துடைத்துவிட்டு, தேதியைச் சாக்பீஸால் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.