சாமானைக் கழித்த பிறகுதான் வண்டியை அளந்தோம்

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்குத்தான். தாயும் தகப்பனும் அதே வளவில் ஓர் ஓரமாகச் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். மட்டக்களப்பில் இது காலங்காலமாக உள்ள வழக்கம். மகளுக்குக் கல்லடி வீட்டை எழுதிக் கொடுத்தபோது நாங்களும் பின்வளவில் ஓர் அறையும் குசினியும் கட்டுவதாகத்தான் இருந்தோம். அந்தக் காசில் வண்டியையே வீடாக்கினால் என்ன என்று கேட்டவர் என் கணவர். நீர்ப்பாசன வேலையில் அம்பாறை, மகாஓயா, பொத்துவில் என்று காலம் முழுக்க அலைந்த மனிதர். ஓய்வூதியம் எடுத்த பிறகு அவருக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. படிப்பித்த பள்ளிக்கூடத்தை விட்டு வந்த எனக்கும் இந்த நாட்டை ஆறுதலாகச் சுற்றிப் பார்க்க ஆசை இருந்தது.

வண்டி ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. டொல்பின் என்று எல்லோரும் சொல்கிற பழைய டொயோட்டா ஹையேஸ், டீசல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வான்களுக்கு ஏறிய விலையைப் பார்த்து, விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். 2022இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த இரவுகளில் இவர் அதற்குள்தான் படுத்தார். பின்சீற்றை மடக்கி, பாயை விரித்து, யன்னலுக்கு என் பழைய சேலையைக் கட்டினோம். சாப்பாடு கொண்டுபோகும்போது நானும் கொஞ்ச நேரம் உள்ளே சாய்ந்து கிடப்பேன். இதற்குள் இருக்கலாம் என்ற துணிவு எங்களுக்கு அப்போதுதான் வந்தது.

வண்டியை எப்படிச் செய்தீர்கள் என்றுதான் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நான் சாமானில் இருந்துதான் தொடங்குவேன். முதலில் அலுமாரியும் கட்டிலும் அடித்துவிட்டு, பிறகு வீட்டுச் சாமானை அதற்குள் திணிக்கப் பார்த்தால் இடம் போதவே போதாது. எதை வைத்திருக்கப் போகிறோம் என்பது முடிவான பிறகு அளந்தால், ஒவ்வொரு தட்டும் ஒரு பொருளுக்காகவே அமையும்.

கழிப்பதற்கு நான் வைத்த முறை இதுதான். முன்னறையில் ஓர் அலுமாரியை வெறுமையாக்கினேன். அன்றாடம் எதை எடுத்துப் பாவித்தாலும் அது பழைய இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது, அந்த அலுமாரிக்குத்தான் போக வேண்டும். மாரி தொடங்கியதிலிருந்து சித்திரை வருஷம் வரைக்கும் அப்படியே விட்டோம். மழைக்கும் வெயிலுக்கும், விசேஷத்துக்கும் காய்ச்சலுக்கும் எங்களுக்கு வேண்டியிருந்தது எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. அத்தனையும் ஒரே ஓர் அலுமாரி. குசினியில் இருந்து வந்தவை இரண்டு சட்டி, ஒரு தாச்சி, இடியப்ப உரல், திருவலை, கத்தி, நாலு கோப்பை. மிச்சமெல்லாம் விருந்தாளிக்காக நாங்கள் காத்து வைத்திருந்தவை.

அதற்குப் பிறகும் சாமான் கூடுதலாகத்தான் இருந்தது. கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்து போய் வருகிற மாமி ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். உகந்தைமலை தாண்டினால் குமண, யால காடுதான். கடையும் இல்லை, வீடும் இல்லை. சமைக்கிற அரிசியில் இருந்து போர்வை வரை தலையில்தான் போக வேண்டும். அவரிடம் கேட்டேன். "கொண்டு போக நினைக்கிறதெல்லாத்தையும் கட்டித் தூக்கு பிள்ளை. தூக்கிக்கிட்டு ஒழுங்கை முடக்கு மட்டும் நடந்து பாரு. மறுகா வீட்ட வந்து அவிழ். எதை எடுத்து வைக்கணுமெண்டு உன்ர கழுத்தே சொல்லும்" என்றார். எங்களைச் சுமக்கப் போவது வண்டிதானே என்று நான் விட்டுவிடவில்லை. என் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு முடக்கு வரை நடந்தேன். திரும்பி வந்து பாதிச் சேலைகளை எடுத்து வைத்தேன். பருத்தியில் நாலைந்தும் கோயிலுக்கு ஒரு பட்டும் போதும். படுக்கை விரிப்புக்கும் திரைக்கும் மருதமுனைக் கைத்தறி எடுத்தோம். தோய்த்தால் சுருக்காகக் காயும். பஞ்சு மெத்தையை வெட்டிப் போடும் யோசனையை விட்டு, மெல்லிய ஃபோம் ஒன்றும் அதன் மேல் பன்பாயும் வைத்துக்கொண்டோம். வெக்கைக்குப் பாய்தான் முதுகுக்குச் சுகம்.

மனம் கனத்த சாமான் இரண்டு. ஒன்று அம்மாவின் முதிரைப் பெட்டகம். மூடியின் உட்புறத்தில் பழைய சந்தன வாசம் இன்னும் இருக்கிறது. பித்தளைப் பூட்டுக்குக் கீழே, சின்ன வயதில் நான் ஆணியால் கீறிய கோடும் இருக்கிறது. வாங்குவதற்கு ஆள் வந்தது, நல்ல விலையும் சொன்னார்கள். ஆசைப்பட்டு வைத்த பொருளைக் காசாக்கக் கூடாது என்பது என் முடிவு. அதைப் பாவிக்கப் போகிற ஒருவர் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் நாங்கள் இருக்கும்போதே. கொக்கட்டிச்சோலையில் இருக்கிற தங்கச்சியின் மகள் நெல் விதையும் உடுப்பும் வைக்கக் கேட்டாள், கொடுத்தேன். சந்தை விலை மட்டும் உள்ள தொலைக்காட்சி, சோபா, கண்ணாடி மேசை எல்லாவற்றையும் வந்த விலைக்கு விற்றோம்.

மற்றது படங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாவலடியில் அக்கா வீட்டில் ஒரு கடதாசிகூட மிஞ்சவில்லை. அப்பா அம்மாவின் கலியாணப் படம் இன்று எங்களிடம் இருக்கிறதென்றால், அதில் ஒரு பிரதி வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் சித்தப்பா வீட்டுச் சுவரில் தொங்கியதால்தான். அதனால் படங்களை ஒரே இடத்தில் வைக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, பின்பக்கத்தில் பெயரும் ஊரும் எழுதி, அசல் படங்களை நாலு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தேன். கடற்கரையில் ஒரு வீடு, வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு என்று பார்த்துத்தான் கொடுத்தேன். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் எல்லாம் மகளிடம். வண்டியில் பிரதிகள் மட்டும்.

விலாசத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிராம சேவகர் பிரிவு, வாக்காளர் இடாப்பு, ஓய்வூதியக்காரர் ஆண்டுதோறும் கொடுக்கிற உயிர்வாழ் சான்றிதழ் எல்லாம் ஒரு நிலையான வீட்டோடுதான் ஓடும். மகள் வீட்டு விலாசம்தான் எங்களுக்கு இன்றைக்கும். இவருடைய பிரஷர் குளிசையும் கிளினிக் கொப்பியில்தான் இருக்கிறது, அந்தத் திகதிக்கு ஊருக்கு வர வேண்டும்.

சரி, வண்டிக்கு வருவோம். கடற்கரை ஊரில் ஓடிய வானுக்கு முதல் எதிரி கறள். எஞ்சினைப் பார்க்க முன் தரையைப் பாருங்கள். றப்பர் விரிப்பைக் கிளப்பி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார் இவர். நல்ல தகடு கணீரென்று சொல்லும். கறள் தின்ற இடம் பொத்தென்று மழுங்கும். நடுக்கதவின் கீழ்ப்படியிலும் பின்சில்லு வளைவிலும் சத்தம் மழுங்கியது. டிங்கர்காரர் அவற்றை வெட்டிப் புதுத் தகடு வைத்து, அடிப்பக்கம் முழுக்கத் தார்ப்பூச்சு அடித்தார். இது முடியாமல் உள்ளே ஒரு பலகைகூட வைக்கவில்லை. டயரும் அப்படித்தான். பூ எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் செய்த வாரம், மற்ற இரண்டும் வருடம். பூத் தேயாமலே பழசான டயர் பாரத்தில் வெடிக்கும்.

சீற்றைக் கழற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விபரம் மாறினால் அறிவித்துப் பதிய வேண்டும். காப்புறுதிக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் ஒரே உறையில், சாரதி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

உள்வேலை செய்தவர் காத்தான்குடி ஓடாவி, கைத்திறன் உள்ள மனிதர். "பிளைவூட் எத்தினை நாளைக்கு டீச்சர்? முதிரையில அடிச்சித் தாறன், பேரப்பிள்ளை மட்டும் கிடக்கும்" என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு, ஆனால் வண்டியில் பாரம்தான் எல்லாம். முதிரை இரும்பு மாதிரி. அலுமினியச் சட்டத்தில் மெல்லிய பிளைவூட் என்று முடிவானதும், அதையும் அவர் அவ்வளவு அழகாகச் செய்தார். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் விரல் உயரத்துக்கு ஒரு வரம்பு, ஒவ்வொரு கதவுக்கும் கொளுவி. செங்கலடியில் இருந்து பதுளைப் பக்கம் மலை ஏறும்போது அந்த வரம்பின் அருமை தெரிகிறது.

வெக்கைக்கு ஏசியை நாங்கள் நினைக்கவில்லை, காற்று ஓடினால் போதும். கீழே ஒரு வழியாலும் கூரையில் ஒரு வழியாலும் காற்று போய் வர வேண்டும். கூரையில் 12 வோல்ட் காற்றாடி சூட்டை வெளியே தள்ளுகிறது, யன்னல் எல்லாம் நுளம்பு வலை. கூரைத் தகட்டுக்கும் சோலார் பேனலுக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பூட்டினோம். பேனலே நிழலாகிறது, அதற்கும் அடியில் காற்று படுகிறது. பேனல் சூடேறினால் மின்சாரம் குறையும் என்பதால் அந்த இடைவெளி இரண்டுக்கும் நல்லது.

கரண்ட் கணக்கை இவர் கொப்பியில் எழுதித்தான் சாமான் வாங்கினார். சின்ன பிரிட்ஜ் 45 வாட்ஸ், எங்கள் சூட்டுக்கு நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 540 வாட் மணி. காற்றாடி, வெளிச்சம், போன் எல்லாம் சேர்த்தால் 800க்குள். 200 வாட்ஸ் பேனல் ஒன்று மழைக்கோலத்தில் இதைத் தாங்காது, அதனால் இரண்டு. 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி ஒன்று ஏறக்குறைய 1280 வாட் மணி தரும். சாதாரண ஈயப் பற்றரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். ஓடும்போது எஞ்சினில் இருந்து சார்ஜ் ஏற்ற நினைத்தால் நடுவில் அதற்கென்றுள்ள சார்ஜரைப் போடுங்கள். நேரே கொடுத்தால் லிதியம் அளவில்லாமல் இழுத்து ஆல்டர்நேட்டரைச் சுட்டுவிடும். வயரையும் வீட்டுக் கணக்கில் எடுக்கக் கூடாது. 120 வாட்ஸ் சாமானுக்கு 230 வோல்ட்டில் அரை அம்பியர், 12 வோல்ட்டில் 10 அம்பியர். தடித்த வயர் வேண்டும், பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் வேண்டும். ரைஸ் குக்கரை நான் மனமார விட்டேன். 5 கிலோ காஸ் சிலிண்டரில் சோறு நன்றாகவே வேகிறது. காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற துளை கட்டாயம் இருக்க வேண்டும்.

கழிவறை என் நிபந்தனை. எடுத்துச் சுத்தம் செய்கிற பெட்டி வகையில் ஒன்றை வைத்து, மூன்று பக்கமும் தடித்த திரை விட்டோம். ராத்திரியில் ஒரு பெண் இருட்டுக்குள் இறங்கிப் போக வேண்டிய நிலை வரக் கூடாது. இந்தச் செலவில் கை வைக்க நான் விடவில்லை.

தண்ணீர் 20 லீற்றர் கேன்களில். நிரந்தரத் தாங்கி வேண்டாம் என்றோம். கழுவ முடியாத தாங்கியில் பாசி பிடிக்கும். ஒரு கேன் 20 கிலோ என்பதால் அவற்றை இடப்பக்கமும், பற்றரியையும் காஸையும் வலப்பக்கமும் வைத்தோம். கடைசியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நெல் லொறி நிறுக்கிற ஆலைத் தராசுக்குப் போனோம். முதலில் முன்சில்லு மட்டும், பிறகு முழு வண்டி. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடைக்கு நன்றாகக் கீழேயே நின்றது. ஆனாலும் பின்சில்லில் பாரம் கூடுதல். கருவிப் பெட்டியை முன்சீற்றுக்குக் கீழே மாற்றினோம்.

முதல் இரவுகளை எங்கள் வளவிலேயே வண்டிக்குள் படுத்துக் கழித்தோம், பிறகு பாசிக்குடாப் பக்கம். அப்போதே இன்னும் சில சாமான் இறங்கியது. பொத்துவிலுக்கும் சியம்பலாண்டுவைக்கும் நடுவில் லகுகலைப் பக்கம் இருட்டிய பிறகு நிற்க வேண்டாம். யானைக்கு வாழைப்பழ வாசம் போதும், தேடி வந்துவிடும். அந்தப் பாதையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். நாங்கள் கோயில் வளவிலோ, தெரிந்தவர் முற்றத்திலோ, ஆள் நடமாட்டமுள்ள பெற்றோல் செட்டிலோ கேட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறோம். கேட்டால் இடம் மட்டும் இல்லை, கிணற்றுத் தண்ணீரும் தருகிறார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகையில் வாடை தொடங்கினால் நம் பக்கம் வெள்ளம், அப்போது தெற்கும் மேற்கும் போகலாம். வைகாசியில் அங்கே மழை பிடிக்கும்போது கிழக்குக்கு வந்துவிடலாம். இம்முறை கிளினிக் முடிந்த மறுநாள் மொனராகலை, வெல்லவாய வழியாகக் காலிப் பக்கம் இறங்குகிறோம். நீங்கள் கல்லடிப் பக்கம் வண்டி செய்யத் தொடங்கியிருந்தால் வந்து எங்கள் வண்டியை உள்ளே ஏறிப் பாருங்கள். அளவுக் கொப்பி மகளிடம் இருக்கிறது.