பை காக்க வரமாட்டேன்: ராட்டினம் ஏறாதவர்களோடு ஈ.சி.ஆர் போன நாள்

நேற்று இரவு பத்தரைக்குத்தான் புதுவண்ணாரப்பேட்டை வந்து சேர்ந்தோம். கால் இரண்டும் கெஞ்சுகிறது. இருந்தாலும் மனசில் இருப்பது ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். தீம் பார்க் என்றாலே ஒதுங்கிக்கொள்கிறவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் இரண்டு பேர், நானும் அம்மாவும்.

முதலில் போன வருஷக் கதை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய பூங்கா, பெயர் வேண்டாம். ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஆளுக்கு முழு டிக்கெட். உள்ளே நுழைந்ததும் அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். அவர்களுடைய செருப்பு, செல்போன், மாற்றுத் துணி, மூக்குக்கண்ணாடி எல்லாம் எங்கள் மடியில். நிழலே விழாத ஒரு சிமென்ட் பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா எனக்குத் தெரியாமல் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் எல்லாரும் திரும்பி வந்து, "காசு குடுத்துட்டு சும்மா குந்தினு இருந்தா எப்படி, ஒரே ஒரு தடவை ஏறு" என்று என்னை இழுத்துப்போய்க் கப்பல் ஊஞ்சலில் உட்காரவைத்தார்கள். இறங்கியதும் வாந்தி. இரண்டு நாள் தலை நிற்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

இதைப் பயம் என்று சொல்வது தப்பு. காதுக்குள்ளே ஆழத்தில் அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன, அவற்றில் திரவம் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்தத் திரவத்தின் அசைவை வைத்துத்தான் மூளை தெரிந்துகொள்கிறது. காது ஒன்று சொல்லி, கண் வேறொன்று சொன்னால் குமட்டல் வரும். சுற்றிச் சுற்றி நின்ற பிறகும் அந்தத் திரவம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் என்னைப் போன்றவர்களுக்கு உயரத்தைவிடச் சுழற்சிதான் எதிரி. சின்னப் பிள்ளைகள் ஏறுகிற கப் அண்ட் சாஸரைப் பார்த்து "இது பாவம், ஒன்றும் செய்யாது" என்று ஏறிவிடாதீர்கள். மெதுவாகப் போகிற பொம்மை ரயிலில், போகும் திசையைப் பார்த்து உட்காருங்கள், தூரத்தில் அசையாத ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எனக்கு அது ஒத்துக்கொள்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஏறலாம் என்பார்கள். அதில் பலவும் தூக்கத்தை வரவழைக்கும், அப்புறம் நாள் முழுக்கக் கண் சொக்கும். ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி, கர்ப்பம் என்றால் ஏற வேண்டாம் என்று ராட்டினத்துக்கு முன்னால் பலகையே வைத்திருப்பார்கள். அதைக் காட்டி மறுத்துவிடுங்கள். கூச்சப்பட இதில் என்ன இருக்கிறது?

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் இருக்கும். பழுதுபார்க்கிற வேலை கொஞ்சம் வரும், ஆனால் கையில் காசு ஓடாது. பிள்ளைகளுக்கோ பள்ளி விடுமுறை. நேரம் இருக்கிறபோது பணம் இல்லை, பணம் இருக்கிறபோது நேரம் இல்லை என்பதுதான் எங்கள் வீட்டு நிலைமை. ஆறு பேருக்கும் சேர்த்து ஆறாயிரம் ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று அண்ணி முடிவாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் மகனுக்குப் பதின்மூன்று வயசு. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா தீம் பார்க் திறந்ததிலிருந்து அவனுக்கு அதே பேச்சு. 43 விளையாட்டு இருக்கிறது, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகிற ரோலர் கோஸ்டர் இருக்கிறது என்று கணக்கு ஒப்பிப்பான். எங்கள் வீட்டிலிருந்து அது நகரத்தின் மறுகோடிக்கும் அப்பால். ஆறு முழு டிக்கெட், அதில் இரண்டு பெஞ்சில் உட்காருவதற்கு. அம்மா உடனே, "நான் இன்னாத்துக்கு வரணும், வூட்டாண்டையே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. போன வருஷத்துப் பெஞ்சுதான் அவளை அப்படிச் சொல்லவைத்தது.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. எல்லாரும் ஒரே வாசலில் நுழைய வேண்டும் என்று யார் சொன்னது? பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே என்ன ராட்டினம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. ஈ.சி.ஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், ராட்டினங்கள் இருக்கிற விஜிபி யுனிவர்சல் கிங்டமும், கடல் மீன்களைப் பார்க்கிற விஜிபி மரைன் கிங்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஏறுகிறவர்கள் நான்கு பேருக்கு அங்கே டிக்கெட், ஏறாத இரண்டு பேருக்கு இங்கே டிக்கெட். பைகள் அவரவர் தோளில். சாயங்காலம் ரோட்டில் சந்தித்துக்கொள்வது. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். (டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.)

2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய விடுதலை. புதுவண்ணாரப்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் இறங்கினோம், எதிர்ப்பக்கம் பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்தோம், திருவான்மியூர் வந்துவிட்டது. அதுவரை ஒரு குறையும் இல்லை.

திருவான்மியூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. ஈஞ்சம்பாக்கம் என்றதும், "அறுநூறு குடும்மா" என்றார். ஆறு பேர் ஒரே ஆட்டோவில் போக முடியாது, இரண்டு ஆட்டோ என்றால் ஆயிரத்து இருநூறு! 2013-ல் அரசு வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்குக்கு இன்று யாராலும் ஓட்ட முடியாது, எனக்கே தெரியும். பெட்ரோல், கேஸ், அரிசி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அதற்காக ஒன்பது கிலோமீட்டருக்கு அறுநூறா? "வர்றப்ப காலியா வரணும்மா" என்றார். அந்த ஈ.சி.ஆரில் சவாரிக்குப் பஞ்சமா? அம்மாவால் நடக்க முடியாது என்பதை அவர் பார்த்துவிட்டார், அதை வைத்துத்தான் விலை சொன்னார். அந்த ஒன்றுதான் எனக்குக் கோபம். கடைசியில் அம்மா, நான், அண்ணியின் சின்ன மகள் மூன்று பேரும் நானூற்றைம்பது கொடுத்துப் போனோம். மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, சாதாரணக் கட்டண பஸ்ஸில் வந்தார்கள். அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அண்ணிக்குச் செலவே இல்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் வந்து சேர்ந்ததில் கால் மணி நேரம்தான் வித்தியாசம். திரும்பும்போது நாங்கள் எல்லாரும் பஸ்தான். நீங்களும் முதலிலேயே பஸ் ஏறிவிடுங்கள்.

இனி நான் எழுத வந்த இடம்.

அம்மா பிறந்து வளர்ந்தது காசிமேடு. தாத்தா கட்டுமரத்தில் போனவர். ஆயா கூடையில் மீன் சுமந்து விற்றவள். அம்மா ஆறு வயசிலிருந்து விடியற்காலையில் ஏலத்தில் நின்றவள். மீனைத் தொட்டுப் பார்த்தே எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் பிடித்தது என்று சொல்வாள். அவளை மீன் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்றபோது சிரித்தாள். "நான் பார்க்காத மீனாடி?"

உள்ளே முதலில் மழைக்காட்டு ஆறுகளின் மீன்கள், அப்புறம் அலையாத்திக் காடு, கரையோரம், கடைசியில் ஆழ்கடல் என்று வரிசையாகப் போகிறது. முதல் பகுதிகளில் அம்மா சும்மா நடந்து வந்தாள். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது, உள்ளே குளிர்ச்சி, அதுவே போதும் என்கிற முகம். கடல் சுரங்கப் பாதைக்கு வந்தோம். தலைக்கு மேலேயும் இரண்டு பக்கமும் தண்ணீர், தடிமனான அக்ரிலிக் கூரைக்கு அந்தப் பக்கம் மீன்கள். ஒரு திருக்கை வந்து எங்கள் தலைக்கு மேல் அப்படியே மிதந்து போனது. அடிவயிறு வெள்ளையாக, வாய் தெரிய, இரண்டு பக்கமும் செவுள் பிளவுகள் ஐந்தைந்து தெரிய, செட்டையை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டு போனது.

அம்மா நின்றுவிட்டாள்.

"கொடியில போட்ட பொடவ மாதிரி ஆடுதுடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது நீஞ்சி நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

ஏலத்தில் திருக்கையைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். வாலில் இருக்கிற விஷமுள்ளை முதலில் வெட்டிவிடுவார்கள். தாத்தாவின் காலில் அந்த முள் குத்தி ஒரு வாரம் படுக்கையில் கிடந்ததை அம்மா அங்கே நின்றபடியே சொன்னாள். நான் முப்பத்தைந்து வருஷத்தில் கேட்டிராத கதை. அப்புறம் சுறா வந்தது. "இத்தன நாளு உன்னப் புட்டு செஞ்சி சாப்ட்டுட்டேனே" என்று அதைப் பார்த்துச் சொன்னாள், உண்மையாகவே வருத்தப்பட்டாள். களவான் மீனைக் காட்டி, பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக்கு அதை எப்படிச் சுத்தம் செய்வது, எந்தப் பருவத்தில் கொழுப்பு ஏறும் என்றெல்லாம் விளக்கினாள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே வந்தார்கள். முட்டிவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுரங்கத்துக்குள் மூன்று முறை முன்னும் பின்னும் நடந்தோம்.

இருந்தாலும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நிதானமாகப் பார்த்தாலும் மதியம் ஒன்றரைக்கு வெளியே வந்துவிட்டோம். ராட்டினம் ஏறுகிறவர்கள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். இந்த இடைவெளியை யோசிக்காமல் போனால் மறுபடியும் பெஞ்சுதான். ரோட்டோரம் ஒரு கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார்கள், நான் வாங்கவில்லை. ஒரு டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்தோம். கடைக்காரர் மோர்மிளகாய் வேண்டுமா என்று கேட்டு, தன் சாப்பாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

அப்புறம் அதே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் 1966-ல் உருவானது. கலைஞர்களே நிலம் வாங்கி, பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்று அந்தப் பணத்தில் நிமிர்ந்த இடம். மரநிழலில் கல் சிற்பங்கள் நிற்கின்றன, உள்ளே ஓவியக்கூடம். அம்மாவுக்கு ஓவியங்கள் பிடிபடவில்லை, சிற்பங்களை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நிழல், காற்று, உட்கார இடம், சத்தம் இல்லாத மதியம். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இதே வழியை இன்னும் தெற்கே வைத்துக்கொள்ளலாம். முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், அந்தப் பக்கத்திலேயே இருக்கிற தட்சிணசித்ராவுக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போகலாம். செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1996-லிருந்து நடக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதை மறந்துவிடாதீர்கள்.

ஐந்தே காலுக்கு நான்கு பேரும் வந்தார்கள். அண்ணன் மகன் நனைந்த தலையோடு ஒரே கத்தல், எதில் எத்தனை தடவை ஏறினான் என்று. சின்னவள் பொம்மை ரயிலில் மூன்று சுற்று. அவன் பேசி முடிப்பதற்குள் அம்மா திருக்கைக் கதையை ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் அவர்கள் பேசினார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டு வந்தோம். இந்த வருஷம் பஸ்ஸில் இரண்டு கதையும் மோதிக்கொண்டன. அண்ணன் அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது பறக்கும் ரயிலில் நேராகக் கடற்கரை நிலையம். அங்கே இறங்கிவிட்டு அத்தோ சாப்பிடாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் வடசென்னைக்காரர்களே இல்லை. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. இரண்டாவது கடற்கரைச் சாலையில் தள்ளுவண்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுவென்று பொரித்த தட்டை) எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்தார். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றினார். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணீர் விட்டுக் கொடுக்கிறாரே, அதைச் சாப்பிட்டு அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். நாள் முழுக்கச் சாப்பிட்டதில் இதுதான் சாப்பாடு. பூங்காவுக்குள் அண்ணன் வாங்கிய ஃப்ரைடு ரைஸ் விலையில் இங்கே ஆறு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

மண்ணடியில் மெட்ரோ ஏறும் முன்பு அண்ணி கணக்குப் பார்த்தார். ஆறாயிரத்தில் இருநூற்றுப் பத்து மிச்சம். அந்த ஆட்டோ மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அம்மாவுக்கு ஒரு முட்டி உறை வாங்கியிருக்கலாம். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. ஜூன் 15 அன்று படகெல்லாம் கிளம்புமே, பேரனை ஏலத்துக்குக் கூட்டிப்போய் எது என்ன மீன் என்று காட்ட வேண்டும் என்று அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று அவன் கேட்டான். மூன்றரை என்றாள். சரி ஆயா என்றான்.