ஆப்பு அடித்தும் உலோகத்தை விடாத பசை: அலுமினிய ஷெல் ஒட்டும் வேலையில் சைலேன் கட்டம்

கடைசியாகத் தயாரித்த சோதனைத் துண்டுகளை நேற்று முழுசாகப் பிளந்து பார்த்தேன். இரண்டு அலுமினியப் பட்டைகளிலும் பசை அப்படியே ஒட்டியிருக்கிறது, உலோகம் எங்குமே வெளியே தெரியவில்லை. சூடான ஈரக்காற்றில் நாள்கணக்கில் கிடந்த பிறகும் இந்த நிலை. இந்த ஒரு முடிவைக் கண்ணால் பார்க்கும் வரை பாட்டம் பிராக்கெட் ஷெல்லை, அதாவது பெடல் அச்சு சுழலும் உருளைக் கூட்டை, சைக்கிள் ஃபிரேமில் ஒட்டுவதில்லை என்று வைத்திருந்தேன். வேலை இன்னும் முடியவில்லை, ஆனாலும் இந்தக் கட்டத்தை, அதாவது உலோகத்துக்கும் பசைக்கும் நடுவே பாலமாகும் சைலேன் என்ற வேதிப்பொருளைப் பூசும் கட்டத்தை, இப்போதே எழுதிவிடுகிறேன். இதில்தான் மொத்த வேலையும் அடங்கியிருக்கிறது.

ஃபிரேம், கார்பன் குழாய்களை லக் எனப்படும் அலுமினிய இணைப்புக் கூடுகளில் சொருகி ஒட்டிய பழைய வகை. இந்த வகையில் கை வைத்தவர்களுக்கு அதன் நோய் என்ன என்று தெரியும். ஷெல்லை வெளியே எடுத்தபோது பழைய பசை முழுவதும் கார்பன் பக்கத்தில்தான் இருந்தது. அலுமினியப் பக்கம் வெறும் உலோகம், அதன் மேல் வெள்ளைப் பொடி. அதாவது பசை உடையவே இல்லை, பசைக்கு அடியில் இருந்த ஆக்சைடு படலம் ஈரம் குடித்து வேறொன்றாக மாறி உதிர்ந்துவிட்டது. கூடவே கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு நீரும் புகுந்தால் அரிக்கப்படுவது எப்போதும் அலுமினியம்தான். இப்படி ஒரு மூட்டைக் காட்டினால் முதலில் வருகிற கேள்வி “எந்த எபாக்சி போடப் போகிறீர்கள்?” என்பது. என்னைக் கேட்டால் அது நான்காவது ஐந்தாவது இடத்தில் வர வேண்டிய கேள்வி. பாரம் தாங்கும் நல்ல எபாக்சிப் பசை எதுவானாலும் பலம் போதும். அது எதன் மேல் உட்காருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு எனக்கு வழி காட்டியது சைக்கிள் உலகம் இல்லை, பல் மருத்துவப் பொருள் அறிவியல். உலோகத்தில் பிசினை ஒட்டி, அதை எந்நேரமும் ஈரத்தில் வைத்து, சூடும் குளிரும் மாறி மாறிக் கொடுத்து, மேலே மெல்லவும் விடுகிற தொழில் வேறு எது இருக்கிறது? 1955இல் மைக்கேல் புவோனோகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் பற்சிப்பியைச் சொரசொரப்பாக்கி அக்ரிலிக்கை ஒட்டிக் காட்டினார். பல் பக்கம் அங்கே தீர்ந்தது, உலோகப் பக்கம் தீர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1973இல் ரோஷெட் என்ற பல் மருத்துவர் உலோகத் தகட்டில் துளைகள் போட்டு அதன் வழியே பிசினைப் பிடிக்க வைத்தார். 1982 வாக்கில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லிவாடிட்டிஸும் தாம்சனும் நிக்கல்-குரோமியக் கலவையை மின்வேதி முறையில் அரித்து நுண்குழிகளில் பிடிக்க வைத்தார்கள். அப்புறம் வந்தது குராரே நிறுவனத்தின் எம்.டி.பி. என்ற மூலக்கூறு. அதன் ஒரு முனையில் இருக்கும் பாஸ்பேட், உலோக ஆக்சைடோடு வேதிமுறையில் பிணைகிறது. துளை, குழி, வேதிப்பிணைப்பு என்று இந்த வரிசையைப் பார்த்தாலே சொரசொரப்பு மட்டும் போதாது என்பது புரிந்துவிடும். ஈரம் வந்து ஆக்சைடைத் தொடும் நாளில், குழிக்குள் வெறுமனே கோத்துக்கொண்டிருக்கும் பிசின் பிடியை இழந்துவிடுகிறது.

விமானத்துறையிலும் இதே பாடம்தான், விலை மட்டும் மிக அதிகம். 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸ் 243 விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து போனதற்குப் பின்னால், ஆரம்பகால போயிங் 737களில் தகட்டின் மேல் தகடு வைத்துக் குளிர்நிலையில் ஒட்டிய மூட்டுகள் இருந்தன. ஈரம் புகுந்து ஒட்டு விட்டுப்போக, சுமை முழுவதும் ரிவெட்டுகளுக்கு மாறி, அங்கே சோர்வு விரிசல்கள் வளர்ந்தன.

சரி, இனி என் மேசைக்கு வருகிறேன். உலோகத்துக்கான பல் பிரைமரை, அதாவது எம்.டி.பி. உள்ள அடிப்பூச்சை, எபாக்சிக்கு அடியில் பூசலாம் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எம்.டி.பி.யின் ஒரு முனை உலோகத்தைப் பிடிக்கும், சரி. மறுமுனை மெத்தக்ரிலேட். அது பல் சிமெண்டில் இருக்கும் மெத்தக்ரிலேட்டோடு சேர்ந்து இறுகுவதற்காக வைத்த முனை. அமைன் கடினப்படுத்தியோடு இறுகும் எபாக்சி வலையில் அது முறையாகக் கோக்காது. எபாக்சிக்கு வேண்டியது மறுமுனையிலும் எபாக்சி வளையம் கொண்ட கிளைசிடாக்ஸி வகை சைலேன். இதை நம்பி அலுமினிய ஒட்டு வேலை செய்தவர்களில் ஆஸ்திரேலிய விமானப் பழுதுபார்ப்புக்காரர்கள் முக்கியமானவர்கள்: மணல் வீச்சு, சைலேன், உலர்த்தல். வீட்டில் செய்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குரோமேட் அமிலக் குளியல் பக்கமே போக வேண்டாம், ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது.

மணல் வீச்சுக்கு நான் வைத்திருப்பது பல் ஆய்வகங்களில், பல்லுக்கு மேல் மாட்டும் கிரீடங்களின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கப் பயன்படும் பேனா வடிவக் கருவி. 50 மைக்ரான் அலுமினா, சுமார் 2.5 பார் அழுத்தம். இந்தக் கருவி மேல் எனக்கு அளவில்லாத பிரியம். ஷெல்லின் உள்வளைவுகளில், பெரிய பெட்டிக் கருவியின் முனை எட்டாத மூலைகளில் எல்லாம் இது போகும். எந்த இடம் முடிந்தது எது பாக்கி என்று நிறத்திலேயே தெரியும். பளபளப்பு ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரே சீரான மங்கல் சாம்பல் நிறம் வர வேண்டும். ஒரே இடத்தில் நிற்காமல் முனையை நகர்த்திக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் அலுமினாத் துகள் மென்மையான உலோகத்தில் புதைந்துவிடும். ஒருமுறை வீசிய மணலைத் திரும்பச் சேர்த்து வீசுவது கூடாது. முதல் பரப்பில் இருந்த எண்ணெய், இரண்டாவது பரப்புக்கு வருவது அந்த வழியில்தான். கம்ப்ரசருக்கும் பேனாவுக்கும் நடுவில் எண்ணெய், நீர் இரண்டையும் பிடிக்கும் வடிகட்டி இருக்க வேண்டும், வடிகட்டி இருந்தாலும் முதலில் சுத்தமான கண்ணாடி மேல் வெறும் காற்றைச் சிறிது நேரம் ஊதி, படலம் படிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குகிறேன். தூசிக்கு முகமூடி கட்டாயம்.

கொழுப்பு நீக்குவது எல்லாம் மணல் வீச்சுக்கு முன்னால். வீசிய பிறகு அசிட்டோன் துணியால் துடைக்காதீர்கள். துணியின் இழைகள் சொரசொரப்பில் சிக்கும், கரைப்பானில் இருக்கும் மிச்சமும் அங்கேயே படியும். சுத்தமான உலர்காற்றை ஊதினால் போதும். இது சரியா என்று காட்டுவதற்குச் சோதனைத் துண்டில் காய்ச்சி வடித்த நீரைச் சாய்த்துவிட்டுப் பார்க்கிறேன். நீர் எங்கும் உடையாமல் ஒரே ஏடாகப் படர்ந்து நின்றால் பரப்பு சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் இல்லை. துடைத்த துண்டுக்கும் துடைக்காத துண்டுக்கும் இடையே இந்தச் சோதனையில் தெரிந்த வித்தியாசத்தைப் பார்த்த பின், துடைக்கிற பழக்கத்தை நான் அடியோடு விட்டாயிற்று.

சைலேன்: நூற்றுக்கு ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீரில், துளித்துளியாக அசிட்டிக் அமிலம் விட்டு பி.எச். 5 அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் கலக்கிக்கொண்டே இருப்பது. முதலில் எண்ணெய்த் துளிபோல் மிதக்கும், மெதுவாகக் கரைந்து கண்ணாடிபோல் தெளியும். தெளிந்த கரைசலைத்தான் பயன்படுத்த வேண்டும், அதுவும் அன்றைக்கே. நேரம் போகப் போக மூலக்கூறுகள் உலோகத்தைத் தேடாமல் தங்களுக்குள்ளேயே பிணைந்துகொள்ளும். மணல் வீச்சு முடிவதற்குள் கரைசல் தயாராக இருக்க வேண்டும் என்பதால் கலக்குவதைத்தான் முதலில் தொடங்குகிறேன். பரப்பைக் கால்மணி நேரம் ஈரமாகவே வைத்திருந்து, வடியவிட்டு, துடைக்காமல், 110 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் உலர்த்தல். இந்தச் சூடு 6061-டி6 என்ற ரக அலுமினியத்தை ஒன்றும் செய்யாது, கார்பன் குழாயின் பிசினுக்கு ஆகாது. ஷெல் தனியாகக் கழன்று வந்தது எவ்வளவு நல்லது என்று இந்த இடத்தில்தான் உணர்ந்தேன். உலர்ந்ததும் வெறும் கையால் தொடாமல், சீக்கிரமே பசை. நிறையப் பூசினால் நல்லது என்று நினைத்து அடர்த்தியை ஏற்றிவிடாதீர்கள். தடித்த சைலேன் அடுக்கு தானே பலவீனமான இடமாகிவிடும்.

இங்கே ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு விற்பனையாளர் அனுப்பிய சைலேன் புட்டியின் கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டி, கரைசல் எவ்வளவு கலக்கியும் தெளியவில்லை. காற்றின் ஈரம் பட்டு ஏற்கெனவே கெட்டுப்போன சரக்கு. பெரிய புட்டியில் வாங்கிச் சின்ன புட்டிகளுக்கு மாற்றி விற்பவர்களிடம் இது நடக்கும். தயாரிப்பாளரே சீல் செய்த சிறிய புட்டியாக வாங்குங்கள், திறந்த பின் உலர்வான பெட்டியில் வையுங்கள். அலுமினாவுக்கும் பல் ஆய்வகத் தரத்தையே வாங்குகிறேன். மெருகேற்றும் வேலைக்கு விற்கும் பொடியில் துகள் அளவு சீராக இருப்பதில்லை, பேனாவின் முனையும் அடைத்துக்கொள்கிறது.

இனி தலைப்பில் சொன்ன ஆப்பு. இழுத்துப் பார்க்கும் சோதனை ஈர விஷயத்தில் எதையுமே சொல்லாது. உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினாலும் முதல் நாள் பலம் பிரமாதமாக இருக்கும். போயிங் ஆப்புச் சோதனை என்று பெயர்பெற்ற ஏ.எஸ்.டி.எம். டி3762 என்ற தரமுறைதான் உண்மையைச் சொல்லும். 3.2 மி.மீ. தடிமனில் இரண்டு அலுமினியப் பட்டைகள், 25 மி.மீ. அகலம், ஒரு முனையில் மட்டும் பசை பிடிக்காத டெஃப்லான் படலம் வைத்து ஒட்ட வேண்டும். இறுகியதும் அந்த முனையில் ஆப்பை அடித்து, விரிசலின் நுனி எங்கே நிற்கிறது என்று உருப்பெருக்கியில் பார்த்துப் பக்கவாட்டில் கீறிக் குறிக்க வேண்டும். அப்புறம் 50 டிகிரி சூட்டில் ஈரம் நிறைந்த பெட்டியில் வைத்து, நுனி எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். முறைப்படி ஒரு மணி நேரம், நான் பல நாட்கள் விட்டேன். விரிசல் இரண்டு மடங்கு நீண்டால் அதைப் பிளக்கும் ஆற்றல் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே சில மில்லிமீட்டர் நகர்வுகூட அங்கே பெரிய செய்தி. உப்புத்தாளும் அசிட்டோனும் மட்டும் கண்ட துண்டில் விரிசல் சரசரவென்று ஓடிப்போய், பிரித்தால் பளிச்சென்ற உலோகம், ஃபிரேமிலிருந்து வந்த பழைய ஷெல்லைப் போலவே. மணல் வீச்சு மட்டும் செய்த துண்டு இடைநிலை. சைலேன் துண்டில் நுனி கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது, நகர்ந்த தூரமும் பசையின் நடுவிலேயே.

ஷெல்லில் அரிப்பு தின்ற சிறு குழிகள் சில இருக்கின்றன. பல் அடைக்கும் கம்போசிட்டையே வைத்து அடைத்துவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். அது இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும், இளகி ஓடும் வகை இன்னும் அதிகமாக. ஐந்து பக்கமும் ஒட்டி ஒரு பக்கம் மட்டும் திறந்த குழி என்றால் பல் மருத்துவர்கள் சொல்லும் சி-ஃபாக்டர், அதாவது ஒட்டிய பரப்புக்கும் திறந்த பரப்புக்கும் உள்ள விகிதம், 5. சுருக்கத்துக்கு வழிவிட இடமில்லாமல் சுவரை இழுத்துப் பிரிக்கும். பல்லில் 2 மி.மீ. அடுக்குகளாக வைப்பதற்கு, இறுக வைக்கும் ஒளி உள்ளே எட்டுவது ஒரு காரணம், இது இன்னொரு காரணம். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கம்போசிட்டின் மூலப்பிசினான பிஸ்-ஜி.எம்.ஏ. எபாக்சியின் வழித்தோன்றல்தான். பல் ஆய்வாளர் ரஃபேல் போவன் முதலில் எபாக்சியையே பல்லில் அடைத்துப் பார்த்தார், இறுக நேரமானதால் முனைகளில் மெத்தக்ரிலேட்டைச் சேர்த்தார். 1962இல் காப்புரிமை. எனக்கு நேரம் இருக்கிறது, எபாக்சியே போதும். குழிகளை மணல் வீச்சில் நன்றாகத் திறந்துவிட்டு, மூட்டுக்குப் போடும் அதே பசையால் நிரப்பப் போகிறேன்.

கார்பன் பக்கம் எளிது. பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்ப்பது, இழையை அறுக்காமல். அதன் மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒரு அடுக்கு, அலுமினியத்தைக் கார்பன் தொடவே கூடாது என்பதற்காக. விமான அலுமினியத்தில் ஒட்டுப்போட ஆலன் பேக்கரும் அவருடைய ஆஸ்திரேலியக் குழுவும் போரான் இழையை விரும்பியதற்கு இந்த அரிப்புத் தொல்லை இல்லை என்பது ஒரு காரணம். பசைத் தடிமன் 0.2 மி.மீ., அதே விட்டமுள்ள கண்ணாடி மணிகளைக் கலந்து. 68 மி.மீ. ஷெல் 40 டிகிரி சூடேறினால் 0.06 மி.மீ. நீளும், இழையின் திசையில் கார்பன் கிட்டத்தட்ட நீளவே நீளாது. அந்த வித்தியாசத்தை விழுங்கப் பசைக்குத் தடிமன் வேண்டும்.

அடுத்து ஜிக், அதாவது ஒட்டும்போது பாகங்களை நேராகப் பிடிக்கும் சட்டம். பின்சக்கர அச்சுக்குப் பதில் ஒரு நேர்த்தண்டை வைத்து ஷெல்லின் முகம் சாயாமல் பிடிக்க வேண்டும், அதற்கான தட்டுகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவே இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. சிலிக்கா பூசிய 30 மைக்ரான் அலுமினாவைப் பல் மருத்துவர்கள் வீசுகிறார்கள், மோதும் இடத்தில் சிலிக்கா உலோகத்தில் பதிந்து சைலேனுக்கு நல்ல பிடிப்பு தருகிறது. அதை அலுமினியத்தில் வீசிய துண்டுகள் சிலவற்றை இப்போதைய துண்டுகளோடு சேர்த்து ஈரப்பெட்டியில் வைக்கப் போகிறேன். இந்த ஷெல்லுக்கு அது வேண்டாம், சோதித்த முறையிலேயே ஒட்டுவேன். சீட் லக்கும் லேசாகக் கிறீச்சிடுகிறது, அது கழலும்போது பார்க்கலாம்.