டர்பனில் ஒரு ஆடி மாதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். தேங்காய் அரைத்துவிட்டு, அம்மா கைப்பக்குவத்தில் வைத்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா நம்ம பாரம்பரியக் கறி இப்படி இருக்காதே, உருளைக்கிழங்கு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சுருக்கென்றது. நான் குடியாத்தத்துக்காரி. அவருடைய முன்னோர் கப்பலேறியபோது எழுதிய பதிவின் நகலை வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஜில்லா என்ற இடத்தில் வட ஆற்காடு என்றுதான் இருக்கிறது. என் ஜில்லாவிலிருந்து போனவர்களின் பேத்தி என் குழம்பைப் பாரம்பரியம் இல்லை என்கிறார்! வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

அந்த ஆற்றாமையில்தான் இந்த ஊர்ச் சாப்பாட்டைத் துருவ ஆரம்பித்தேன். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். தோட்டத்தில் அளந்து கொடுத்தது அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், கருவாடு. அரிசிக்குப் பதிலாக மக்காச்சோள மாவு கொடுத்ததும் உண்டு. இதில் தேங்காய்க்கு எங்கே போவது?

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். ஜூலு மக்கள் காலங்காலமாகப் பயிரிட்ட அமடும்பே வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்குதான். அதைப் புளி விட்டுக் குழம்பாக்கினார்கள். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அந்தத் தோட்டங்கள் பலவற்றைப் பிடுங்கிக்கொண்டு குடும்பங்களை டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டியது. இன்றைக்கும் சாட்ஸ்வொர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷிகள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்படித்தான் டர்பன் கறி உருவானது. எண்ணெயில் வெங்காயமும் மிளகாய்த்தூளும் தக்காளியும் சுருண்டு, செக்கச் செவேலென்று இருக்கும். உருளைக்கிழங்கு பாதி கரைந்து குழம்பைக் குடித்துக் கிடக்கும். பிரியாணியில் தோலோடு மசூர்ப் பருப்பு. விக்டோரியா தெருச் சந்தையில் மாமியாரை ஒழித்துக்கட்டும் மசாலா என்றே பேர் வைத்துக் கோபுரமாகக் குவித்து விற்கிறார்கள். என் மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கால் கிலோ வாங்கி அனுப்பு, பாக்கலாம்" என்றார். 'பன்னி சௌ' (bunny chow) என்ற பண்டத்தைச் சொல்லவே வேண்டாம், கால் அல்லது அரை பிரெட்டைக் குடைந்து கறியை ஊற்றித் தருவது இன்று ஊருக்கே அடையாளம். ஜூலு நண்பர்கள் நம்மைப் போலவே கையால் பிய்த்துத் தின்கிறார்கள்.

ஆனால் என்னை அசைத்தது இதெல்லாம் இல்லை, கூழ்.

இங்கே ஆடி மாதம் குளிர்காலம். மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள் என்று ஆன்ட்டி கூட்டிப்போனார். கொட்டகையில் விறகடுப்பு, மேலே பெரிய பெரிய அண்டா. முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்த மாவை ஊற்றி, இரண்டு பேர் நீளத் துடுப்பால் கிண்டுகிறார்கள். எட்டிப் பார்த்தேன். கூழ் வெள்ளையாக இருந்தது! கேழ்வரகு இல்லை, மக்காச்சோளம். அடி பிடிக்காமல் கிண்டும் அந்த வளைவு, ஓரத்தில் முட்டை முட்டையாய்க் கொப்பளிப்பது, மூக்கில் ஏறும் புளிப்பு எல்லாம் அப்படியே எங்கள் தெரு. தொட்டுக்கொள்ளப் பூசணிக்காயும் கீரையும். சொம்பில் வாங்கிக் குடித்தபோது கண் கலங்கிவிட்டது. கிண்டிக்கொண்டிருந்த அக்கா தன் ஆயா சொல்லிக்கொடுத்த பக்குவம் என்றார். என் ஆயாவும் மாவு புளித்ததா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துத்தான் பார்ப்பாள்.

அன்றிலிருந்து இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. சோளமாவைப் புளிக்க வைத்து வீட்டிலேயே கூழ் காய்ச்சுகிறேன், ஆட்டுக்கறியில் உருளைக்கிழங்கும் போடுகிறேன். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. இருந்தாலும் ஆடி வெள்ளியில் மனசு குடியாத்தத்துக்கு ஓடிவிடும். பம்பைச் சத்தம் கேட்டதும் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கருகருவென்று கேழ்வரகுக் கூழ், நடுவில் நொய் தட்டுப்படும். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். வீட்டுக்கு வருவதற்குள் பாதிச் சொம்பு காலி.

வருகிற ஆடிக்கு என்னையும் கிண்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிற ஒருவரிடம் கேழ்வரகு மாவு கொடுத்தனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். கோயில் அக்காவிடம் ஆசையாகச் சொன்னதும் அவர் யோசித்தார். "தாராளமா காய்ச்சு, நாங்களும் குடிச்சுப் பாக்கறோம். ஆனா தனி அடுப்புல வை. அம்மனுக்கு எப்பவும் எங்க சோளக்கூழ்தான்" என்றார். தனி அடுப்புக்குச் சம்மதித்துவிட்டேன். முருங்கைக்கீரைக்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.