வீங்கிய கைக்குத் தண்ணீர்ப் பயிற்சி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். ரேடியேஷன் முடிந்து சில மாதங்களில் இடது கை வீங்கத் தொடங்கியது. வளையல் ஏறவில்லை, ஜாக்கெட் கை இறுக்கியது. நிணநீர் தேங்கி வரும் வீக்கம், லிம்ஃபெடிமா என்றார்கள். "அந்தக் கைக்கு வேலையே கொடுக்காதே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். பிசியோதெரபி பெண் சொன்னது நேர்மாறாக இருந்தது. நிணநீரைத் தள்ள இதயம் மாதிரி தனி பம்ப் கிடையாது, தசை அசைந்தால் அது நன்றாக நகரும் என்றார். தண்ணீருக்குள் பயிற்சி செய்யச் சொன்னவரும் அவர்தான்.

உடனே இறங்க முடியவில்லை. அந்தச் சமயம் கை சிவந்து, காய்ச்சலும் வந்திருந்தது. தோலில் தொற்று இருக்கும்போது தண்ணீர்ப் பயிற்சி கூடவே கூடாது. ஆன்டிபயாடிக் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் குளம் தேடினேன்.

தேடியதுதான் பெரும்பாடு. தண்ணீர் 32, 33 டிகிரியில் இருக்க வேண்டும். அதிகச் சூடானால் ரத்தக்குழாய் விரிந்து வீக்கம் கூடலாம். ரொம்பக் குளிர்ந்தால் மெதுவாக அசையும் பயிற்சியில் உடம்பு நடுங்கிவிடும். ஒரு குளத்தில் வெப்பநிலை கேட்டதற்கு, "சென்னை வெயிலுக்கு அதெல்லாம் யாரு பாக்குறாங்க மேடம்?" என்றார்கள். கடைசியில் வேளச்சேரிப் பக்கம் பெண்களுக்குத் தனி நேரம் உள்ள ஒரு குளம் அமைந்தது. சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். முழுக்கை வைத்த நீச்சல் உடை வாங்கினேன், கூச்சமும் பாதி போயிற்று.

கழுத்தளவு தண்ணீரில் நின்று கையைத் தொங்கவிட்டால் தோள் பக்கம் அழுத்தம் குறைவு, விரல் நுனியில் அதிகம். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 74 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் கூடும். அதனால் கை முழுக்க, கீழிருந்து மேலாகத் தண்ணீரே பிடித்துவிடுகிற மாதிரி இருக்கும். முதலில் ஆழ்ந்த மூச்சு, பிறகு கழுத்து, தோள், கடைசியில்தான் விரல்கள். மேலே வழி திறந்தால்தானே கீழே தேங்கியது போகும்! "அவசரமே வேணாம்மா, கை தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்" என்று பிசியோ பெண் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்த முறையை உருவாக்கியவர் இஸ்ரேலைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் டோரிட் டித்ஹார். அவரும் சக ஆய்வாளரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பு முடிந்த கையோடு வீக்கம் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு நீடித்து நின்றதாகத் தெரியவில்லை. என் அனுபவமும் அப்படித்தான். டேப் வைத்து அளந்தால் குளத்திலிருந்து வந்ததும் முழங்கைக்குக் கீழே சுற்றளவு குறைந்திருக்கும், சில நாளில் மறுபடி ஏறும். ஆனால் கையின் பாரம் குறைந்தது. தோளை முழுதாகத் தூக்கித் தலை பின்ன முடிகிறது. எனக்கு அது சின்ன விஷயமே இல்லை.

வெளியே வந்ததும் தண்ணீரின் பிடி விட்டுவிடும், அதனால் தாமதிக்காமல் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட்டாக வேண்டும். குளோரின் போகக் குளித்து (வெந்நீர் வேண்டாம்), விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடைத்தால்தான் ஸ்லீவ் ஏறும். தோல் வறளாமல் இருக்க லோஷனை ராத்திரி ஸ்லீவைக் கழற்றிய பிறகு தடவுகிறேன்.

குளத்துக்கு போன் செய்யும்போது வெப்பநிலையோடு இன்னொன்றும் கேளுங்கள்: இறங்க அகலமான படிக்கட்டு இருக்கிறதா? கம்பி ஏணி மட்டும் என்றால், வீங்கிய கையால் உடம்பு பாரத்தை இழுத்துத்தான் மேலே வர வேண்டியிருக்கும்.